முற்றும் எச்சமும் வழுவும்

‘வந்தான்’ என்பது முற்று. ‘வந்து’ என்பது எச்சம். ‘அவள் வந்தான்’ என்பது வழு. தமிழிலக்கணம் பயின்றோர் யாவரும் இளமையிலேயே அறிந்த பாகுபாடு இது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் வழுவினின்று மொழியைக் காக்கும் நெறிகளைக் கிளவியாக்கத்திலே கூறித் தொடங்கி, எச்சவியலோடு நிறைவுறுகின்றது. நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்தார். ஆயின் இவருள் எவரும் எச்சத்தை வழுவென்று கூறினாரல்லர். ‘வந்து’ என ஒருவன் சொல்லி நிறுத்தினால், கேட்போன் அதனைப் பிழையென்று தள்ளுவதில்லை. அடுத்து வரும் சொல்லுக்காகக் காத்திருக்கின்றான். முடியாதது வேறு, பிழைபட்டது வேறு என்னும் இவ்வுணர்வு மொழி பேசுவோர் அனைவரிடத்தும் இயல்பாகவே அமைந்து கிடக்கின்றது.

அவ்வுணர்வைக் கணனிக்குப் புகட்டுவது அத்துணை எளிதன்று. புகட்ட முற்பட்ட ஆசிரியர் ஒருவர், தம்மிடமே அது குறைந்திருந்தமையை எவ்வாறு கண்டுகொண்டார் என்பதே ஈண்டுக் கூறப்படுவது.

அவர் பல்கலைக்கழகமொன்றின் விஞ்ஞான பீடத்திலே முதலாம் வருட மாணவர்க்கு நிரலாக்கம் பயிற்றுபவர். அம்மாணவருட் பெரும்பாலோர் உயர்தர வகுப்புவரை தமிழ்மொழி மூலம் கற்றவர். பீடத்திலோ போதனை ஆங்கிலத்தில் நிகழ்ந்தது. கணனி காட்டும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. புதிய பாடம், புதிய மொழி, புதிய பொறி ஆகிய மூன்று சுமைகளையும் ஒருங்கே தாங்க இயலாது மாணவர் இடர்ப்படுவதை அவர் ஆண்டுதோறும் கண்டுவந்தார். சுமைகளுள் ஒன்றையேனும் குறைக்கக் கருதி, பைத்தன் என்னும் நிரலாக்க மொழியைப் பயில்வதற்கெனப் பயிற்சிப் பலகையொன்றைத் தாமே ஆக்கினார். மாணவர் ஒரு வரியைத் தட்டெழுதி விசையை அழுத்தியதும் அதன் விளைவு கீழே தோன்றும். பிழையிருப்பின் அதற்கான விளக்கம் தமிழில் தோன்றும். விடுமுறை நாட்கள் பலவற்றைச் செலவிட்டு அதனை முடித்தார். தாமே பலமுறை சோதித்தும் பார்த்தார். கூட்டல், கழித்தல், ஒரு பெயருக்கு ஒரு பெறுமானத்தைக் கொடுத்தல் ஆகிய யாவும் குறைவின்றி நடைபெற்றன. பலகை மாணவர் கைக்குச் சென்றது.

இத்தகைய பலகையொன்றின் உள்ளே நிகழ்வது யாதென்பதை இவ்விடத்துச் சிறிது நோக்குதல் வேண்டும். மனிதன் எழுதும் மூலநிரலைப் பொறி அறியும் கட்டளைகளாக மாற்றும் முறைகளைப் பொதுவாக இரண்டாகக் கூறுவர். நிரல் முழுவதையும் ஒருங்கே மாற்றித் தருவது தொகுப்பி. எழுத எழுத மாற்றி அப்பொழுதே இயக்குவது வரிமொழிமாற்றி. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957 இல் வெளியிட்ட போட்றான் முதலாம் வகையைச் சார்ந்தது. அக்காலத்தில் நிரலாளர் தம் நிரலைத் துளையிட்ட அட்டைகளாக்கிப் பொறியறையில் ஒப்படைத்துவிட்டு, மணிக்கணக்காகச் சில வேளை மறுநாள்வரை காத்திருந்து விளைவைப் பெறுவர். ஒரு காற்புள்ளி தவறியிருப்பினும் காத்திருந்த காலம் வீணாகும். ஆயின் அவ்வேற்பாட்டில் ஒரு தெளிவு இருந்தது. அட்டைக்கட்டு எங்கே முடிந்ததோ அங்கே நிரலும் முடிந்தது. நிரலாளர் பேசி முடித்துவிட்டாரா என்னும் வினாவுக்கே அங்கு இடமில்லை.

கணனியோடு நேரிற் பேசும் முறை வந்த பின்னரே அவ்வினா எழுந்தது. 1964 மே மாதம் 1 ஆம் திகதி அதிகாலையில், அமெரிக்காவின் டாட்மத் கல்லூரியிலே கெமனி, கேட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவரின் வழிகாட்டலில் பேசிக் மொழி முதன்முதலாக இயங்கியது. விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணனியைக் கையாளவேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். அங்கே மாணவர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எண்ணிட்டு எழுதுவர். இறுதி வரியிலே முடிவைக் குறிக்கும் சொல்லை இடுவர். பின்னர் ‘இயக்குக’ என ஆணையிடுவர். உடனுக்குடன் விடை தந்தபோதிலும் உள்ளே இருந்தது தொகுப்பியே என்பது பலரும் அறியாத செய்தி. பேச்சு முடிந்தமையை அங்கே பேசுவோரே வெளிப்படையாக அறிவித்தனர். அதற்கு முன், 1958 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே ஜோன் மக்கார்த்தி வகுக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியில் முடிவறிதல் இன்னும் எளிது. திறந்த அடைப்புக்குறிகளும் மூடிய அடைப்புக்குறிகளும் எண்ணிக்கையில் ஒத்துவிட்டால் கூற்று முடிந்தது, ஒவ்வாதவரை முடியவில்லை.

பைத்தன் இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலே கைடோ வான் றொசம் என்பார் 1989 டிசெம்பரில் ஆக்கத் தொடங்கி 1991 இல் வெளியிட்ட அம்மொழியில், முடிவைக் குறிக்கும் சொல் இல்லை. வரிகளின் உள்தள்ளலே எது எதனுள் அடங்கும் என்பதைக் காட்டும். அதனை வரிமொழிமாற்றி வகையைச் சார்ந்ததென்று பாடநூல்கள் கூறும். எனினும் அங்கும் தொகுத்தல் நிகழாமலில்லை. தட்டெழுதிய வரி முதலில் சொல்லுறுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றது. அவ்வுறுப்புகள் இலக்கணத்தோடு ஒத்துநோக்கப்பட்டு மரம்போற் கிளைத்த அமைப்பாகின்றன. அவ்வமைப்பிலிருந்து இடைநிலைக் கட்டளைகள் பிறக்கின்றன. அக்கட்டளைகளே பின்னர் இயக்கப்படுகின்றன. ஒரு சிறு கூட்டலைத் தட்டெழுதி விடை பெறும் கணத்திலும் இப்படிகள் யாவும் நிகழ்ந்து முடிகின்றன. ஆகவே, தட்டெழுதியதை எப்பொழுது தொகுப்பியிடம் கையளிப்பது என்னும் வினா தவிர்க்கவியலாததாகின்றது.

விரிவுரையாளர் அவ்வினாவைக் கருதவேயில்லை. விசை அழுத்தப்பட்டதும் அந்த ஒரு வரியைத் தொகுப்பியிடம் கொடுப்பது, அது ஏற்றால் விளைவைக் காட்டுவது, மறுத்தால் சிவந்த எழுத்திலே ‘தொடரியல் வழு’ என்று காட்டுவது என்பதே அவரது பலகையின் நடைமுறை.

சில வாரங்கள் கழிந்தன. கிராமப் பாடசாலையொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தி ஒருநாள் அவரது அறைவாயிலில் வந்து நின்றாள். வகுப்பிலே அவள் குரலை அவர் கேட்டது அரிது.

“சேர், நான் எழுதிறது எல்லாம் பிழையெண்டுதான் வருது. எனக்கு இந்தப் பாடம் சரிவராது போல கிடக்கு. வேற பாடத்துக்கு மாறலாமோ?”

அவர் மாற்றத்துக்கான இறுதித் திகதியைக் கூறினார். இன்னும் ஒரு வாரம் இருந்தது. யோசித்து முடிவெடுக்குமாறு சொல்லி அனுப்பினார். அவள் தலையசைத்துச் சென்றாள்.

அன்றிரவு வேறொரு காரணம்பற்றிப் பலகையின் பதிவேட்டைத் திறந்தவர், அவளது பெயரின் கீழிருந்த வரிகளைத் தற்செயலாகக் கண்டார். 1 முதல் 5 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அச்சிடுக என்பது பயிற்சி. அவள் முதல் வரியிலே எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும் கட்டளையை எழுதி, இறுதியில் முக்காற்புள்ளியும் இட்டிருந்தாள். பலகை ‘தொடரியல் வழு’ என்றது. அவள் அடுத்த வரியை முறைப்படி நான்கு இடம் உள்தள்ளி, வர்க்கத்தை அச்சிடும் கட்டளையை எழுதினாள். பலகை ‘எதிர்பாராத உள்தள்ளல்’ என்றது. இரண்டு வரிகளும் சரியானவை. சேர்த்து நோக்கினால் பயிற்சிக்கு அவையே விடை. முதல் வரி தன் பொருள் முடிவதற்கு அடுத்த வரியை வேண்டி நின்ற எச்சம். அதனைப் பிழையென்று தள்ளியபின், எஞ்சிய இரண்டாம் வரி தலையற்ற உடலாயிற்று, அதுவும் பிழையெனப்பட்டது.

அவள் அவ்விரு வரிகளையும் 11 முறை எழுதியிருந்தாள். முதல் மூன்று முறையும் சரியாகவே எழுதினாள். நான்காம் முறை முக்காற்புள்ளியை நீக்கிப் பார்த்திருந்தாள். ஆறாம் முறை உள்தள்ளலை நீக்கிப் பார்த்திருந்தாள். அதன்பின் எழுதியவை மெய்யாகவே பிழையானவை. சரியானதைப் பிழையென்று கேட்டுக் கேட்டு, சரியானதைக் கைவிட்டு, இறுதியிலே பிழையை அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஏனைய மாணவர் எவ்வாறு தப்பினர் என அவர் தேடினார். சிலர் முழுவதையும் ஒரே வரியில் அடக்கி எழுதியிருந்தனர். வேறு சிலர், வீட்டிலே கணனி உடையவர், பலகையைப் புறக்கணித்துப் பைத்தனை நேரே கையாண்டனர். பலகையை நம்பியவர்களே பலகையாற் கெட்டனர். யாருடைய சுமையைக் குறைக்க அது ஆக்கப்பட்டதோ அவர்கள்மீதே அது மேலும் ஒரு சுமையை ஏற்றியிருந்தது.

மறுநாள் அவர் பரிகாரம் தேடினார். பைத்தனின் சொந்தச் சாளரம் இவ்விடரை எதிர்கொள்வதில்லை. அது விசைப்பலகையிலிருந்து தானே வாசிப்பதால், இலக்கணம் மேலும் வேண்டும்பொழுது அடுத்த வரியைத் தானே கேட்டுப் பெறும். தனியாகப் பலகை அமைப்போர் நிலை வேறு. அவர் கையில் இருப்பது இதுவரை எழுதப்பட்ட எழுத்துத் தொகுதி. தொகுப்பி சொல்வதோ ‘ஏற்றேன்’ அல்லது ‘வழு’ என்னும் இரண்டே. மூன்றாவது விடையாகிய ‘இன்னும் முடியவில்லை’ என்பதை இவ்விரண்டிலிருந்து எவ்வாறு பெறுவது?

பைத்தனோடு வழங்கப்படும் நூலகத்திலே ‘கோட் ஒப்’ என்னும் சிறு பகுதி இதற்கெனவே இருந்தது. நெடுங்காலம் அதில் வழங்கிய உபாயம் வியக்கத்தக்கது. எழுதப்பட்டதைத் தொகுப்பியிடம் மூன்று முறை கொடுத்துப் பார்த்தல் அதன் சாரம்: உள்ளவாறே ஒருமுறை, இறுதியில் ஒரு வரிமுறிவைச் சேர்த்து ஒருமுறை, இரண்டு வரிமுறிவுகளைச் சேர்த்து ஒருமுறை. உள்ளவாறே ஏற்கப்பட்டால் அது முற்று; இயக்கிவிடலாம். வரிமுறிவு சேர்ந்தபொழுதே ஏற்கப்பட்டால், தொடர்ச்சிக்கு இன்னும் இடமுண்டு; காத்திருத்தல் வேண்டும். எவ்வகையிலும் ஏற்கப்படாவிடின், பின்னைய இரு முயற்சிகளிலும் கிடைத்த பிழை விவரங்களை ஒப்பிடுதல் வேண்டும். அவை ஒன்றாயிருந்தால் அது வழு. வேறுபட்டால் அது எச்சம்.

இது எவ்வாறு பொருந்தும்? குறை கூற்றின் ஈற்றிலே இருக்குமாயின், வெற்றிடம் சேரச் சேர ஈறு நகரும். ஈற்றோடு குறையும் நகரும். முதலில் ஓரிடத்தில் நின்று தடுமாறிய தொகுப்பி, இடம் கொடுத்ததும் சற்று முன்சென்று அங்கே தடுமாறுகின்றது. குறை கூற்றின் உள்ளே இருக்குமாயின், பின்னால் எத்தனை வெற்றுவரிகளைச் சேர்த்தாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். இடம் கொடுத்தால் நகர்வது எச்சம். கொடுத்தும் நகராதது வழு. இம்முறை எளிதிற் புலப்படுவதன்று என்றும், வருங்காலப் பதிப்புகளிலும் செல்லுபடியாகும் என்பதற்கு உறுதியில்லை என்றும் அந்நிரலின் குறிப்பே ஒப்புக்கொண்டது. ஆயினும் பல்லாண்டு அது பயன்பட்டது. 2020 இல் வெளியான 3.9 ஆம் பதிப்பிலே தொகுப்பியின் இலக்கணப் பகுப்பாய்வு முறை புதிதாக்கப்பட்டது. பின்வந்த பதிப்புகளில், நிறைவுறாத உள்ளீட்டைத் தொகுப்பியே வேறுபடுத்தி அறிவிக்கும் ஏற்பாடும் அமைந்தது.

விரிவுரையாளர் அப்பகுதியைத் தம் பலகையோடு இணைத்தார். அதற்குத் தேவைப்பட்ட மாற்றம் சில வரிகளே. ஆயின் அத்துடன் வேலை முடியவில்லை. பலகை இப்பொழுது காத்திருக்கின்றது. காத்திருப்பது மாணவர்க்கு எவ்வாறு தெரியும்? முன்பு சிவந்த எழுத்தைக் கண்டு அஞ்சியவர், இப்பொழுது மௌனத்தைக் கண்டு அஞ்சலாம். பைத்தனின் சொந்தச் சாளரம் இதற்கும் வழி கண்டிருந்தது. புதிய கூற்றுக்குரிய இடத்தில் மூன்று கூர்க்குறிகள் தோன்றும். தொடர்ச்சிக்குரிய இடத்தில் மூன்று புள்ளிகள் தோன்றும். ‘கேட்டுக்கொண்டிருக்கின்றேன், மேலே சொல்’ என்பதே அப்புள்ளிகளின் பொருள். அவற்றையும் அவர் சேர்த்தார். தொகுதி முடிந்ததென்று அறிவிக்க வெற்றுவரியொன்றை இடவேண்டும் என்ற குறிப்பையும் தமிழில் எழுதினார். இரண்டு வரிகளிலேயே பொருள் நிறைந்துவிட்டதுபோலத் தோன்றினும், மூன்றாவது வரி வரக்கூடும் என்பதால் அவ்வெற்றுவரி வேண்டப்படுகின்றது. முடித்தேன் என்று சொல்லும் உரிமை அங்கே எழுதுவோருக்கே உரியது.

பின்னர் அம்மாணவியை அழைப்பித்தார். பதிவேட்டைத் திறந்து, அவள் முதன்முதலில் எழுதிய இரு வரிகளையும் காட்டினார்.

“பிள்ளை, இது சரி. முதல்தரமே நீர் சரியாத்தான் எழுதியிருக்கிறீர். பிழை என்னுடைய நிரலில்.”

அவள் அவ்வரிகளை நெடுநேரம் நோக்கினாள். “அப்ப ஏன் சேர் பிழையெண்டு சொன்னது?” என்று கேட்டாள். அவர் முற்றையும் எச்சத்தையும் எடுத்துக்காட்டி விளக்கினார். இலக்கணம் அவள் உயர்தரத்துக்கு முன்னரே படித்தது. அவளுக்கு உடனே விளங்கிற்று. அதே இரு வரிகளைப் பலகையில் மீண்டும் எழுதினாள். முதல் வரியின் கீழ் மூன்று புள்ளிகள் தோன்றின. இரண்டாம் வரியை எழுதி வெற்றுவரி இட்டதும் 1, 4, 9, 16, 25 என்னும் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.

இவ்வளவோடு இது ஒரு நிரலின் திருத்தமாகவே முடிந்திருக்கும். தவணை இறுதியில் வாய்மொழிப் பரீட்சை நிகழ்ந்தது. ஒவ்வொரு மாணவரும் தாம் எழுதிய நிரலை ஆங்கிலத்தில் விளக்குதல் வேண்டும். அம்மாணவியின் முறை வந்தது. ஒரு வரியைச் சுட்டி, அதனை ஏன் அங்கே எழுதினாய் என அவர் வினவினார். அவள் ‘ஏனெனில்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கூறி நிறுத்தினாள். ஓரிரு விநாடிகள் கழிந்தன. அவரது கை வழக்கம்போல் மதிப்பெண் தாளை நோக்கி நகர்ந்தது. அடுத்த வினாவும் நாவில் வந்துவிட்டது. அப்பொழுதுதான் தம் கை செய்யப்போவது யாதென்பதை அவர் உணர்ந்தார்.

‘ஏனெனில்’ என்பது பிழையான விடையன்று, முடியாத விடை. தமிழிற் சிந்தித்து, அதனை ஆங்கிலத்தில் அமைத்து, அவையில் நின்று சொல்லவேண்டிய ஒருத்திக்கு ஓரிரு விநாடிகள் போதா. இத்தனை ஆண்டுகளாகத் தாம் நடத்திய பரீட்சைகளில், விசை அழுத்தப்பட்டதும் ‘வழு’ என்று கூறிய அப்பலகையைப் போன்றே தாமும் இருந்தமை அவருக்குத் தெளிவாயிற்று. பலகை அவரது குணத்தையே பெற்றுப் பிறந்திருந்தது. பலகைக்குப் பதிவேடு இருந்தது. அதனைத் திறந்து பிழையைக் கண்டறிய முடிந்தது. அவர் இடைமறித்த விடைகளுக்கோ பதிவேடு எதுவும் இல்லை.

அவர் கையை எடுத்து மேசையின்மீது வைத்தார். ‘ம், சொல்லும்’ என்று தமிழில் ஒரு சொற் கூறினார். மூன்று புள்ளிகளுக்கு ஈடாக அவருக்குத் தோன்றியது அதுவே. அவள் மெல்லத் தொடர்ந்து கூறிய விடை சரியானது. அதற்கடுத்த வினாவுக்கு அவள் கூறியது பிழை. அவர் காத்திருந்தார், இன்னொரு வகையில் வினவினார், அவள் அதே விடையையே மீண்டும் கூறினாள். இடம் கொடுத்தும் குறை நகரவில்லை. அவர் பிழையென்றே குறித்தார். அவளும் அதனை வருத்தமின்றி ஏற்றுக்கொண்டாள். காத்திருந்தபின் கூறப்படும் ‘பிழை’ என்னும் சொல், இடைமறித்துக் கூறப்படுவது போலப் புண்படுத்துவதில்லை.

காத்திருத்தலுக்கும் எல்லையுண்டு என்பதை இங்குக் கூறாமல் விடுதல் தகாது. எங்கோ மேலே திறந்த ஓர் அடைப்புக்குறியை மூட மறந்த மாணவர், வரிமேல் வரியாக எழுதிக்கொண்டே போவர். பலகையும் மூன்று புள்ளிகளைக் காட்டிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் எச்சமென்று ஏற்பதும் ஒருவகை அலட்சியமே. அங்கே இடைநிறுத்தும் விசையை அழுத்தி, மூன்று கூர்க்குறிகளுக்கு மீண்டு, தொடக்கத்திலிருந்து எழுதவே வேண்டும். நல்லாசிரியர் பொறுத்திருக்கவும் அறிவர். எவ்விடத்தில் தடுத்து ‘தொடங்கிய இடத்துக்குப் போவோம்’ என்று சொல்லவேண்டும் என்பதையும் அறிவர். இரண்டையும் பிரித்தறிவதற்கு இலக்கணம் உதவுமேயன்றி, அவ்வறிவை முழுவதும் இலக்கணமே தந்துவிடாது.

மாணவி பாடம் மாறவில்லை. அவ்வாண்டு அவள் பெற்றது முதன்மைச் சித்தியுமன்று, சாதாரண சித்தியே. அடுத்த ஆண்டு அவள் வகுப்பிலே வினாக்கள் கேட்டாள். சில வினாக்கள் பாதியிலே நின்றன. எவரும் குறுக்கிடவில்லை.

பலகை பின்வந்த மாணவர்க்கும் பயன்பட்டது. அதன் முதற் பதிப்பை விரிவுரையாளர் அழித்துவிடவில்லை. ஆண்டுத் தொடக்கத்திலே புதிய மாணவர்க்கு அதனைக் காட்டி, சரியான இரு வரிகளை எழுதச் செய்து, அது ‘வழு’ என்று இருமுறை கூறுவதைக் காணச்செய்வார். யாருடைய பிழை இது என்று கேட்பார். விடை வரும்வரை காத்திருப்பார்.